தோள் ஆறிய பிறகும் எடை தூக்க முடியாமல் போவது ஏன்?

20 லிட்டர் தண்ணி கேனைத் தூக்கி டிஸ்பென்சரில் கவிழ்ப்பது சென்னையில் வீட்டுக்கு வீடு நடக்கிற வேலை. தோளில் அடிபட்டு, மாதக்கணக்கில் ஓய்வெடுத்து, தசையை எலும்போடு இணைக்கும் தசைநார் நன்றாக ஆறிவிட்டது என்று டாக்டரே சொன்ன பிறகும் அந்தக் கேனைத் தூக்கப் போனால் கை பாதியில் நின்றுவிடுகிறது, இல்லையென்றால் தோள் காது வரைக்கும் ஏறிக்கொள்கிறது. பலம் போய்விட்டது என்று நினைத்து நிறையப் பேர் நேராக ஜிம்முக்குப் போய் டம்பெல்லைக் கையில் எடுக்கிறார்கள். பலம் குறைந்திருக்கும்தான். ஆனால் எந்தத் தசை முதலில், எந்தத் தசை அப்புறம் என்கிற வரிசையும் கூடவே குலைந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் எடையைக் கூட்டினால் தப்பான அசைவுக்குத்தான் பலம் ஏறும்.

தோள் மூட்டில் குழி ரொம்ப ஆழம் குறைவு. பாட்டில் மூடியில் எலுமிச்சம்பழத்தை வைத்த மாதிரிதான், மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் மூன்றில் ஒரு பங்கு கூட ஒரு நேரத்தில் குழியைத் தொடுவதில்லை. அதனால்தான் கை இத்தனை திசையில் சுழல்கிறது, அதனாலேயே எளிதில் நழுவவும் செய்கிறது. அந்த உருண்டையைக் குழிக்குள் அழுத்திப் பிடித்திருப்பவை ரொட்டேட்டர் கஃப் என்கிற நான்கு சின்னத் தசைகள். கையை உயர்த்தும்போது வெளியே தெரிகிற பெரிய டெல்டாய்டு தசை எலும்பை மேலே இழுக்கிறது. இந்த நான்கும் சரியாகப் பிடிக்கவில்லையென்றால் உருண்டை மேலே ஏறி, மேலிருக்கும் எலும்புக் கூரையை நெருங்கும். அந்த இடைவெளியே சுமார் 1 செ.மீ. தான், அதற்குள்தான் கஃபின் தசைநாரும் ஓடுகிறது.

இதோடு தோள்பட்டை எலும்பும் கூடவே திரும்ப வேண்டும். கையைத் தலைக்கு மேல் முழுதாக, அதாவது 180 டிகிரி, உயர்த்தினால் அதில் ஏறத்தாழ 120 டிகிரி தோள் மூட்டிலிருந்து வருகிறது, மீதி 60 டிகிரி தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் மேல் சுழல்வதால் வருகிறது. இந்த இரண்டுக்கு ஒன்று என்கிற கணக்கை அமெரிக்க எலும்பியல் மருத்துவர் இன்மன் குழுவினர் 1944-லேயே எழுதினார்கள். ஆளுக்கு ஆள், கோணத்துக்குக் கோணம் அது மாறும், ஆனால் இரண்டும் சேர்ந்தே நகர வேண்டும் என்பது மாறாது.

அடிபட்டதும் என்ன ஆகிறது? வலி இருக்கும்போது கஃப் தசைகளுக்குப் போகும் கட்டளை குறைகிறது. வேலை நடந்தாக வேண்டுமே, அதனால் கழுத்திலிருந்து தோளுக்கு வரும் ட்ரபீசியஸின் மேல்பகுதி முன்னால் வந்து தோளையே மொத்தமாகத் தூக்கிவிடுகிறது. அந்த நாட்களில் அது நல்ல ஏற்பாடுதான். சிக்கல் என்னவென்றால், வலி போன பிறகும் மூளை அதையே வழக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

அதனால் திரும்பப் பழகுவது எடையே இல்லாமல் ஆரம்பிக்கிறது. மல்லாந்து படுத்து, நல்ல கையின் உதவியோடு ஒரு குச்சியைப் பிடித்து உயர்த்துவது, பிறகு சுவரில் கையைச் சறுக்கி ஏற்றுவது. கண்ணாடி முன்னால் செய்யுங்கள் என்று பிசியோ சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, தோள் காதை நோக்கி ஏறுவது நமக்கு உள்ளே உணரவே வராது, பார்த்தால்தான் தெரியும். அப்புறம் லேசான டம்பெல். கையை நேர் பக்கவாட்டில் விரிக்காமல் கொஞ்சம் முன்னால், சுமார் 30 டிகிரி கொண்டுவந்து, கட்டைவிரல் மேலே பார்க்கத் தூக்கினால் தோள்பட்டை எலும்பு இருக்கும் தளத்திலேயே அசைவு நடக்கும், பெரும்பாலானவர்களுக்கு இது சுலபமாக வரும். இறக்கும்போது மெதுவாக இறக்க வேண்டும், தூக்கும்போது ஒழுங்காக வந்த தோள் இறக்கத்தில்தான் திடீரென்று சரியும். அடுத்த நாள் காலையில் வலி கூடியிருந்தால் நேற்றைய சுமை அதிகம். அறுவை சிகிச்சை ஆனவர்கள் எந்த வாரத்தில் எதைத் தொடங்கலாம் என்பதை டாக்டரும் பிசியோவும்தான் சொல்ல வேண்டும்.

வீட்டு வேலைக்கு ஒரு சின்னக் கணக்கு. 5 கிலோ அரிசிப் பையைக் கை நீட்டி, தோளிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடித்தால், தசை இழுக்கும் விசைக்கோடு மூட்டின் மையத்திலிருந்து சுமார் 3 செ.மீ. தூரத்திலேயே இருப்பதால், அது 20 மடங்கு, அதாவது 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. கையின் சொந்த எடை தனி. அதே பையை முழங்கை மடக்கி 20 செ.மீ. தூரத்தில் பிடித்தால் மூன்றில் ஒரு பங்கு போதும். கேனை வயிற்றோடு ஒட்டி, காலால் எழுந்து தூக்குங்கள் என்பது இதனால்தான். டிஸ்பென்சரைத் தாழ்வான ஸ்டூலுக்கு மாற்றுவதும் உண்மையான சிகிச்சையில் ஒரு பகுதி என்றே சொல்வேன். நிறைந்த கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ, அதைத் தூக்கவே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பிடிக்க வேண்டியது மாநகரப் பேருந்தின் மேல்கம்பி. நாமே திட்டமிட்டுத் தூக்கும்போது கை அசைவதற்குச் சற்று முன்பே கஃப் தசைகள் இறுகிவிடுகின்றன. டிரைவர் பிரேக் போடும்போது அந்த முன்னறிவிப்பு கிடையாது, கையோ தலைக்கு மேலே நீண்டிருக்கிறது, சாயும் உடம்பை அந்தக் கைதான் தாங்க வேண்டியிருக்கிறது. ஜிம்மில் எடையைத் தலைக்கு மேல் தள்ளும் ஷோல்டர் பிரஸ் நன்றாக வருகிறது என்றாலும் சில மாதங்களுக்குச் செங்குத்தாக நிற்கும் கம்பியை, நெஞ்சு உயரத்தில், அடிபடாத கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.