வெளிப்பாடு: யாரிடமிருந்து யாருக்கு?

பெட்ரோல் பங்க் ஒன்றில் ஒட்டியிருந்த பாதுகாப்புத் துண்டறிக்கையில் இப்படி ஒரு வரி: “பென்சீன் வெளிப்பாடு 8 மணி நேரத்தில் வரம்பைத் தாண்டக் கூடாது.” பென்சீன் பெட்ரோலில் இருக்கும் ஒரு ரசாயனம். அங்கே வேலை செய்யும் தம்பியிடம் இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். “டேங்க் லீக் ஆகக் கூடாதுன்னு போட்டிருக்காங்க சார்” என்றார். அவர் மேல் தப்பே இல்லை. தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் படிப்பார்கள்.

எழுதியவர் சொல்ல வந்தது எக்ஸ்போஷர், அதாவது ஒரு பொருள் ஆள் மேல் படுவது, மூச்சில் போவது. லத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘போனெரே’ என்றால் வை. மறைப்பில்லாமல் வெளியே வைத்த பொருள் வெயிலையும் மழையையும் வாங்கும் அல்லவா, அதிலிருந்து வந்த சொல். மொழிபெயர்ப்பாளர் அந்த ‘எக்ஸ்’ஸை மட்டும் பிடித்துக்கொண்டு ‘வெளி’ என்று ஆரம்பித்துவிட்டார்.

தமிழில் வெளிப்படுவது உள்ளிருந்து வருவது. உணர்ச்சி வெளிப்படும், குட்டு வெளிப்படும். பென்சீன் வெளிப்பாடு என்றால் பென்சீன் எதிலிருந்தோ கிளம்புகிறது என்றுதான் ஆகும். ஆனால் அந்த வரம்பு டேங்குக்கானதே அல்ல. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி, 8 மணி நேரச் சராசரியாகத் தொழிலாளி மூச்சிழுக்கும் காற்றில் பென்சீன் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அளக்கும் கருவியைச் சட்டைக் காலருக்குப் பக்கத்தில், மூக்கை ஒட்டி மாட்டுவார்கள். பென்சீன் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும், ரத்தப் புற்றுநோய் தரும். கணக்கு முழுக்க ஆள் பக்கம் இருக்க, சொல் மட்டும் டேங்க் பக்கம் நிற்கிறது.

சிலர் ‘பென்சீனுக்கு வெளிப்படும் தொழிலாளர்கள்’ என்கிறார்கள். கோயில் தேர் மாதிரி புறப்பட்டு வருகிறார்களா என்ன? ‘சூரிய வெளிப்பாட்டைத் தவிர்க்கவும்’ என்று களிம்பு டப்பாவில் எழுதுகிறார்கள்; சூரியன் வெளிப்படுவதை நாம் எப்படித் தவிர்ப்பது? ‘வெயில் படாமல் பார்த்துக்கோ’ என்று சொல்லாத பாட்டி உண்டா? கலைச்சொல் குழுவில் ஒரு பாட்டியைச் சேர்த்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

‘ஆட்படுதல்’ என்போரும் உண்டு. வெளிப்பாட்டுக்கு அது தேவலாம். ஆனாலும் ஆட்பட்டேன் என்றால் எனக்கு அடியார் ஞாபகம்தான் வருகிறது.

என் ஓட்டு ‘படுதல்’, ‘உள்ளாதல்’ இரண்டுக்கும். தோலிலும் கண்ணிலும் படும். பென்சீன் ஆவிக்கு ஆள் உள்ளாவார். ‘கதிர்வீச்சுக்கு உள்ளானவர்கள்’ என்று பத்திரிகைகள் எழுதுவது எல்லாருக்கும் புரிகிறதே. ஆங்கிலம் ஆளை வெளியே வைக்கிறது, தமிழ் உள்ளே ஆக்குகிறது. ஒரே நிகழ்வு, பார்க்கும் திசைதான் எதிர். அட்டவணைத் தலைப்புக்குப் பெயர்ச்சொல் வேண்டுமே என்பார்கள். சரி, ‘உள்ளாகும் அளவு’ என்று போடுங்கள். இரண்டு சொல் ஆனால் என்ன, தாளா தீர்ந்துவிடும்?

அதே துண்டறிக்கையில் கீழே இன்னொரு வரி: “தோல் வெளிப்பாட்டைத் தவிர்க்கவும்.” அதைப் படித்துவிட்டுத் தம்பி முழங்கை வரை மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். ‘பெட்ரோலில் கை கழுவாதே’ என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். பக்கத்து மெக்கானிக் ஷெட்டில் அப்போது ஒரு பையன் கிரீஸ் கையைப் பெட்ரோலில்தான் கழுவிக்கொண்டிருந்தான்.