குளிர்ந்த என்ஜின் சொல்லும் சேதி: பழைய பவர் டில்லர் வாங்குவோருக்கு

பழைய பவர் டில்லர் (பின்னால் நடந்தபடி கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் இரு சக்கர உழவுக் கருவி) ஒன்றை விலைக்குப் பார்க்கப் போகிறவர் முதலில் செய்ய வேண்டியது, என்ஜின் சிலிண்டரை மூடியிருக்கும் சிலிண்டர் ஹெட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது. காலை வேளையிலேயே அது வெதுவெதுப்பாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே விற்பவர் ஓட்டி வைத்திருக்கிறார் என்று பொருள். அன்றைக்கு விலை பேச வேண்டாம். மறுநாள் விடியற்காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். விற்பவருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் சூடாக இருக்கும் என்ஜின் தன் குறைகளை மறைத்துவிடும். குளிர்ந்த என்ஜினால் மறைக்க முடியாது. காரணம், டீசல் என்ஜின் வேலை செய்யும் முறையிலேயே இருக்கிறது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இன்று உழவு என்றால் டிராக்டர்தான். இருந்தும் பவர் டில்லருக்கு வேலை இல்லாமல் போகவில்லை. வண்டிப் பாதை இல்லாத உள்வயல்கள், பாகம் பிரிந்து துண்டு துண்டான நிலங்கள், டிராக்டர் இறங்கினால் புதைந்துவிடும் ஆழச் சேறு ஆகிய இடங்களுக்கு அதுதான் பொருத்தம். டில்லரின் எடை 400 கிலோவை ஒட்டித்தான் வரும். டிராக்டரோ 2 டன்னை நெருங்கும். பழைய டில்லர்களில் நம் பக்கம் அதிகம் தென்படுபவை இரண்டு வகை: மிட்சுபிஷியின் கூட்டுறவோடு 1967-ல் பெங்களூரில் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனத்துடையவை, குபோட்டாவின் தொழில்நுட்பத்தோடு 1973-ல் தொடங்கிய கேரள அரசு நிறுவனமான காம்கோவினுடையவை. இரண்டிலுமே படுக்கைவாட்டில் அமைந்த ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின்தான் இதயம். அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

டீசல் என்ஜினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பிஸ்டன் அதை ஏறக்குறைய பதினெட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. வேகமாக நெருக்கப்படும் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதும் இதனால்தான். என்ஜினுக்குள் இந்தச் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த நொடியில் நாசில் வழியாக டீசல் நுண்துளிகளாகப் பீய்ச்சப்படுகிறது, தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆக, டீசல் என்ஜினில் நெருப்பு மூட்டுவது காற்றுதான். காற்று கசிந்தால் நெருப்பு இல்லை.

இப்போது ஒரு கணக்கு. என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும்போது, பிஸ்டன் ஒரு முறை காற்றை நெருக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் 15 பங்கு மட்டுமே. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் தேய்ந்த ரிங் வழியாகக் கசிவதற்குக் காற்றுக்கு அவகாசமே இருப்பதில்லை. கையால் ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது நிமிடத்துக்கு 120 சுற்று வந்தாலே பெரிது. அப்போது அதே வேலைக்குக் கால் வினாடி ஆகிறது. கசிவுக்குக் கிடைக்கும் நேரம் பதினாறு மடங்குக்கும் மேல். போதாக்குறைக்கு, குளிர்ந்த இரும்புச் சுவர் காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. எனவே ரிங்கும், பிஸ்டன் ஓடும் உறையான லைனரும் தேய்ந்த என்ஜின் காலையில் கிளம்ப மறுக்கும். ஒரு முறை கிளப்பிச் சூடாக்கிவிட்டால், பிஸ்டன் விரிந்து இடைவெளி குறையும், சுவரும் சூட்டை உறிஞ்சாது, மத்தியானம் ஒரே சுற்றில் கிளம்பும். தொட்டுப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

என்ஜினைக் கிளப்புவதற்கு முன்பே அதன் நிலையை அறிய ஒரு வழி இருக்கிறது. கருவி எதுவும் வேண்டாம், காது போதும். டீசலை அடைத்துவிட்டு, டீகம்ப்ரஷன் லீவரை (வால்வைத் திறந்து பிடித்துக் காற்று நெருக்கப்படாமல் செய்வது) தொடாமல், ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் அது முட்டி நிற்கும். காற்று நெருக்கப்படும் இடம் அது. நல்ல என்ஜின் உங்கள் கையைத் திருப்பித் தள்ளும், சில வினாடிகள் விடாமல் தாங்கி நிற்கும். தேய்ந்த என்ஜின் சொத்தென்று வழிவிட்டுவிடும். அப்படி வழிவிடும்போது புஸ்ஸென்று ஒரு ஓசை வரும். அது எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால், காற்று உள்ளே வரும் வால்வு சரியாக அமரவில்லை. சைலன்சர் பக்கம் கேட்டால், புகை வெளியேறும் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் அங்கே கேட்டால் பிஸ்டன் ரிங், லைனர். வால்வைத் தேய்த்து உட்கார வைப்பது சிறிய செலவு. லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றுவது பெரிய செலவு. மெக்கானிக் இல்லாமலேயே இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு விலை பேச முடிகிறது என்பதால், இந்தச் சோதனைக்கு நான் முதலிடம் கொடுப்பேன்.

ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் பின்னுக்கு உதைத்தால் ஹேண்டில் உள்ளங்கையிலிருந்து நழுவிப் போய்விடும். கட்டைவிரல் எதிர்ப்பக்கம் சுற்றியிருந்தால் அந்த உதையை மணிக்கட்டு வாங்கிக்கொள்ளும்.

கிளம்பிய பிறகு புகையைப் பாருங்கள். வெள்ளைப் புகை எரியாமல் வெளியேறும் டீசல்; கிளம்பிய சில நொடிகளில் நின்றுவிட்டால் கவலையில்லை, நீடித்தால் கம்ப்ரஷன், அதாவது காற்றை நெருக்கும் அழுத்தம், குறைவு அல்லது நாசில் கோளாறு. நீலப் புகை, எரியக்கூடாத என்ஜின் ஆயில் எரிவதன் அடையாளம். கரும்புகை, டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. பல நேரங்களில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். அப்படியே ரேடியேட்டர் மூடியை, என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே கழற்றி வைத்து ஓடவிட்டுப் பாருங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால், சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் வழியாக எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் நுழைகிறது.

அந்தத் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதையே ரேடியேட்டரில் ஊற்றினால், சூட்டில் உப்பும் சுண்ணாம்பும் சிலிண்டரைச் சுற்றிப் படியும். அந்தப் படிவு இரும்போடு ஒப்பிட்டால் வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். தண்ணீர் நிறைய இருந்தும் என்ஜின் சூடேறுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள், செலவில்லாத மருந்து.

இனி கியர் பாக்ஸ். டெல்டாவில் டில்லர் படும் பாடு வேறு எங்கும் படாது. களிமண் வயலில் தண்ணீர் கட்டிச் சேறடிக்கும்போது சேற்றுக்கென மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலும் அச்சும் சேற்றில் மூழ்கியே ஓடுகின்றன. அச்சைச் சுற்றி இருக்கும் ஆயில் சீல்தான் உள்ளே இருக்கும் ஆயிலையும் வெளியே இருக்கும் சேற்றையும் பிரித்து வைக்கிறது. அந்த சீலின் ரப்பர் உதடு, ஆயில் வெளியே போகாதபடி உள்நோக்கி அமைந்தது. உள்ளிருந்து வரும் அழுத்தத்தை அது தாங்கும். வெளியிலிருந்து உள்ளே இழுக்கும் விசைக்கு அத்தனை எதிர்ப்புக் காட்டாது.

அப்படி உள்ளே இழுப்பது எது? கியர் பாக்ஸுக்குள் இருக்கும் காற்று. வேலையின்போது உள்ளே 70 டிகிரி சூடேறியது என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டு நேரத்துக்கு டில்லரைச் சேற்றிலேயே நிறுத்திவிட்டுப் போகிறோம். சுற்றியிருக்கும் தண்ணீரின் 30 டிகிரிக்கு அது இறங்கும்போது, உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட வெளிக்காற்றை உள்ளே விடுவதற்காகத்தான் மேலே ஒரு சிறிய மூச்சுத் துளை வைத்திருக்கிறார்கள். அது சேறு படிந்து அடைபட்டிருந்தால், கியர் பாக்ஸ் சீல் வழியாக வயல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் சில சொட்டு. ஒரு பருவம் முடிவதற்குள் ஆயில் வெளிறிக் குழம்பிவிடும். பல்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் அது உயவாகாது, அரிப்பாகும். வைக்கோலும் நைலான் நூலும் அச்சில் சுற்றிக்கொண்டால் சீலின் உதட்டை அறுத்து, இந்த வேலையை இன்னும் விரைவுபடுத்தும். அன்றாடம் கரையேறியதும் அச்சில் சுற்றியதை அறுத்தெடுப்பதும், மூச்சுத் துளையைத் துடைப்பதும், நின்று போகும் நேரத்தில் டில்லரைத் திடலில் ஏற்றி நிறுத்துவதும் போதும். இவ்வளவு எளிய வேலையைச் செய்யாததால் பட்டறைக்கு வரும் கியர் பாக்ஸ்களைப் பார்க்கையில் மனம் பொறுக்கவில்லை.

வாங்கும்போது இதைக் கண்டறிய, இரவு முழுக்க நின்றிருந்த டில்லரின் கியர் பாக்ஸ் அடிப்பிளக்கை அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. அடியில் இறங்கி நின்றிருக்கும். முதலில் கசிவது தண்ணீரா ஆயிலா என்பதை உள்ளங்கையில் ஏந்தினாலே தெரியும். முதலில் சில சொட்டுத் தண்ணீர், பிறகு ஆயில் என்று வந்தால் சீல் போயிருக்கிறது. கொஞ்சம் ஆயிலை விரலிடுக்கில் தேய்த்து வெயிலில் காட்டுங்கள். மினுக்கும் துகள்கள் கண்ணில் பட்டால் பல்சக்கரமோ பேரிங்கோ தேய்ந்துகொண்டிருக்கிறது.

என்ஜினிலிருந்து கிளட்சுக்கு விசையைக் கொண்டுபோகும் பெல்ட்டுகள் ஆப்பு வடிவில் இருப்பதற்குக் காரணம் உண்டு. கப்பியின் இரு சாய்ந்த பக்கங்களுக்கு இடையே ஆப்பாக இறுகித்தான் அவை பிடிக்கின்றன. அடிப்பாகம் பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. பெல்ட்டைக் கழற்றிப் பள்ளத்தைப் பாருங்கள். தரை பளபளவென்று மின்னினால் பெல்ட் தேய்ந்து அடியில் உட்கார்ந்துவிட்டது. எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். பெல்ட் மாற்றிய பிறகும் அப்படியே இருந்தால் கப்பி தேய்ந்திருக்கிறது.

டில்லர் ஓட்டிப் பழகாதவர் வாங்கினால், வாங்கிய அன்றே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அழுத்தமாகவே சொல்கிறேன். கைப்பிடியின் இடது லீவரை அழுத்தினால் இடது சக்கரத்துக்குப் போகும் விசை துண்டிக்கப்படும். சமதளத்தில் வலது சக்கரம் மட்டும் முன்னே தள்ள, டில்லர் இடப்பக்கம் திரும்பும். வாய்க்கால் கரையிலிருந்து சரிவில் இறங்கும்போது நிலைமை தலைகீழ். அங்கே சக்கரங்களைத் தள்ளுவது டில்லரின் எடை. என்ஜின் அவற்றைப் பிடித்து நிறுத்துகிறது. இடது லீவரை அழுத்தினால் இடது சக்கரம் பிடி விட்டு வேகமெடுக்கும், வலது சக்கரம் என்ஜினின் பிடியிலேயே இருக்கும், டில்லர் வலப்பக்கம் பாயும். பதறிப்போய் லீவரை இன்னும் இறுக்கினால் கவிழ்ந்துவிடும். சரிவு தொடங்குமுன் சிறிய கியருக்கு வந்துவிடுங்கள், ஆக்ஸிலேட்டரைக் குறையுங்கள், லீவர்களைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளியே திசை கொடுங்கள். பின்னோக்கி வரும்போது, மண்ணைக் கிளறும் கத்திகள் பொருத்திய ரோட்டரி சுழலவே கூடாது. தடுக்கி விழுந்தவரின் கால் நேராகக் கத்திகளுக்கு அடியில்தான் போகும்.

பராமரிப்பில் பெரிய எதிரி அழுக்கான டீசல். டீசலை அழுத்தி அனுப்பும் பம்பில், டீசலைத் தள்ளும் தண்டான பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 2 அல்லது 3 பங்குதான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. கேனில் ஒட்டிய மணலும் மழைத் தண்ணீரும் அங்கே போனால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேனை ஓரிரவு அசையாமல் வைத்துவிட்டு, அடியில் இரண்டு விரல்கடை டீசலை விட்டு மேலாக ஊற்றுங்கள். டாங்கியில் டீசல் தீர்ந்து நின்றுபோனால், நிரப்பிய பிறகும் கிளம்பாது. குழாயில் புகுந்த காற்றைப் பம்ப் நெருக்குகிறது, காற்று சுருங்கிக்கொடுக்கிறது, நாசில் திறக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறவே இல்லை. ஃபில்டரிலும் பம்பிலும் உள்ள திருகுகளைத் தளர்த்திக் குமிழி நிற்கும்வரை டீசலை வழியவிட்டால் சரியாகிவிடும்.

ஆயில் ஊற்றிய ஏர் ஃபில்டராக இருந்தால் அளவுக் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். மிஞ்சிய ஆயிலை என்ஜின் உள்ளே இழுத்து அதையே எரிபொருளாக்கிக்கொள்ளும். டீசலை அடைத்தாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்படி நேர்ந்தால் காற்று நுழையும் வாயை மரப்பலகையால் அடைத்து நிறுத்த வேண்டும்.

எப்போது வாங்குவது? மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு எல்லோருக்கும் உழவுக் கருவி வேண்டும். விற்பவருக்குக் காத்திருக்கத் தேவையில்லை, உங்களுக்கும் சோதிக்க நேரமில்லை. சம்பா, தாளடி அறுவடை முடிந்த மாசி, பங்குனியே நல்ல காலம். அசல் பில்லில் இருக்கும் என்ஜின் எண்ணும் இரும்பில் வெட்டியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா, வங்கிக் கடன் பாக்கி உண்டா என்று பாருங்கள். என்ஜின் மூட்டுகளில் மட்டும் புதுப் பெயிண்ட் தெரிந்தால், அங்கே ஏதோ ஒழுகியிருக்கிறது.

வேலை இல்லாத மாதங்களில், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், டில்லரை நிறுத்தி வைப்பதற்கும் முறை உண்டு. தண்ணீரை முழுவதும் வடித்துவிடுங்கள், பெல்ட்டைத் தளர்த்துங்கள், சைலன்சர் வாயில் எலி புகாதபடி டப்பா கவிழ்த்து வையுங்கள். பிறகு ஹேண்டிலைச் சுற்றி, கம்ப்ரஷன் முட்டும் இடத்தில் பிஸ்டனை நிறுத்துங்கள். அந்த இடத்தில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும்; ஈரக்காற்று சிலிண்டருக்குள் போய் லைனரைத் துருப்பிடிக்க வைக்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்துச் சில சுற்றுகள் சுற்றி ஆயிலைப் பரவவிட்டு, மறுபடியும் அதே இடத்தில் நிறுத்துங்கள்.