டார்மோகாய்ஃப் ஏன் சாகவில்லை? மேஜிக் ஆட்ட விதிகளுக்குள் இருக்கும் இரண்டு இயந்திரங்கள்

மேஜிக் என்ற சீட்டாட்டம். இரண்டு ஆட்டக்காரர்களின் கிரேவ்யார்டுகளிலும் (பயன்படுத்திய, செத்த சீட்டுகள் போகும் குவியல்) சேர்த்து ஒரு லேண்டும் (நிலச் சீட்டு) ஒரு க்ரீச்சரும்தான் (சண்டையிடும் உயிரினச் சீட்டு) கிடக்கின்றன. களத்தில் டார்மோகாய்ஃப் என்ற க்ரீச்சர் நிற்கிறது. கிரேவ்யார்டுகளில் எத்தனை வகைச் சீட்டுகள் உண்டோ அதுவே அதன் பவர், அதாவது தாக்கும் வலு. அதோடு 1 சேர்த்தால் டஃப்னஸ், அதாவது தாங்கும் வலு. இப்போது அது 2/3 (பவர் 2, டஃப்னஸ் 3). எதிராளி லைட்னிங் போல்ட் என்ற ஸ்பெல்லை (மந்திரச் சீட்டு) போடுகிறார், 3 டேமேஜ். டஃப்னஸும் 3, டேமேஜும் 3 என்று பார்த்ததும் பலர் டார்மோகாய்ஃபைக் கையில் எடுத்து ஓரம் வைத்துவிடுவார்கள். விதிப்படி அது சாகாது.

ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்து, 1993ல் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வெளியிட்ட ஆட்டம் மேஜிக்: த கேதரிங். அதன் முழு விதிநூல் நூற்றுக்கணக்கான பக்கங்கள் நீளும். ஆனால் மேசையில் சண்டை கிளப்பும் கேள்விகள் பெரும்பாலும் அதில் இரண்டு இடங்களுக்குள் அடங்கிவிடும். ஒன்று, நிகழ்வுகளை வரிசைப்படுத்தும் இயந்திரம். எது முந்தியது, எது பிந்தியது என்பதுதான் அதற்கு எல்லாமே. மற்றது, நிலையைக் கணக்கிடும் இயந்திரம். இந்தச் சீட்டு இந்தக் கணத்தில் என்னவாக இருக்கிறது என்று சொல்வது அதன் வேலை, அதற்கு முன்பின் அநேகமாகப் பொருட்டில்லை. ஒன்றிடம் கேட்க வேண்டியதை மற்றதிடம் கேட்பதால்தான் தவறான தீர்ப்புகள் வருகின்றன.

முதல் இயந்திரத்தின் நடுவில் இருப்பது ஸ்டாக். 1999ல் ஆறாம் பதிப்போடு வந்தது. போடும் ஸ்பெல்லும் தூண்டும் திறனும் உடனே நடந்துவிடுவதில்லை. ஸ்டாக்கில் ஏறி நிற்கும். இரு ஆட்டக்காரர்களும் அடுத்தடுத்து ‘எதுவும் இல்லை’ என்று விட்டால் மேலே இருக்கும் ஒன்று மட்டும் நிறைவேறும். கடைசியாக ஏறியது முதலில் இறங்கும்.

2/2 அளவுள்ள கிரிஸ்லி பேர்ஸ் என்ற கரடிச் சீட்டின் மீது போல்ட் வருகிறது. ரெஸ்பான்ஸாக (போல்ட் நிறைவேறும் முன்பே பதிலாக) கரடியின் சொந்தக்காரர் +3/+3 தரும் ஜயன்ட் குரோத் போட்டால், குரோத் முதலில் நிறைவேறி கரடி 5/5 ஆகும். பிறகு வரும் 3 டேமேஜ் அதைக் கொல்லாது. அந்த டேமேஜ் டர்ன் முடியும்வரை கரடி மேல் இருக்கும். டர்னின் கடைசியான க்ளீனப் கட்டத்தில் டேமேஜும் +3/+3ம் ஒரே நேரத்தில் நீங்குவதால் அங்கேயும் பிழைத்துக்கொள்ளும். வரிசையை மாற்றிப் பாருங்கள். குரோத் முதலில் போடப்பட்டு, ரெஸ்பான்ஸாக போல்ட் வந்தால், போல்ட் முந்திக்கொண்டு 2/2 கரடியைக் கொன்றுவிடும். பின்னால் வரும் குரோத்துக்கு இலக்கே இல்லை. அது நிறைவேறாமல் கிரேவ்யார்டுக்குப் போகும். அவசரப்பட்டுக் கரடியை வளர்க்கிறவர் இரண்டு சீட்டுகளை இழப்பது இப்படித்தான்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழைகள் இரண்டு. ஒன்று, நிறைவேறிக்கொண்டிருக்கும் ஸ்பெல்லின் நடுவில் புகுந்து ரெஸ்பான்ஸ் கொடுக்க நினைப்பது. அதற்கு இடமே கிடையாது. மற்றது, திறனைத் தூண்டிய க்ரீச்சரைக் கொன்றால் திறனும் நின்றுவிடும் என்று நம்புவது. ப்ராடிகல் சோர்சரர் என்ற க்ரீச்சரை டேப் செய்து (சீட்டைப் பக்கவாட்டில் திருப்பி) 1 டேமேஜை ஸ்டாக்கில் ஏற்றியாகிவிட்டது என்றால், அதன்பிறகு அவரைக் கொன்றாலும் அந்த 1 டேமேஜ் வந்தே தீரும். ஸ்டாக்கில் ஏறிய திறன் தன் மூலத்தை நம்பி நிற்பதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: போர் டேமேஜும் ஒரு காலத்தில் ஸ்டாக்கில் ஏறியது, 2009ல் அது நீக்கப்பட்டது. இடையில் பல வருடங்கள் விளையாடாமல் திரும்பி வருகிறவர்கள் இன்னும் பழைய விதியில் சண்டை போடுவதுண்டு.

ஸ்டாக்குக்குப் பக்கத்திலேயே விதிநூல் ஒரு காவலாளியை நிறுத்தியிருக்கிறது: ஸ்டேட் பேஸ்டு ஆக்‌ஷன், இங்கே நிலைச் சோதனை என்போம். ஒருவருக்குச் செயல்படும் முறை வரப்போகும் ஒவ்வொரு தருணத்துக்கும் முன்னால் அது ஓடும். 0 அல்லது அதற்கும் கீழே லைஃப் போனவர் தோற்கிறார், டஃப்னஸ் 0 ஆன க்ரீச்சர் கிரேவ்யார்டுக்குப் போகிறது, டஃப்னஸ் அளவுக்கு டேமேஜ் வாங்கியது அழிக்கப்படுகிறது. கண்டுபிடித்த எல்லாவற்றையும் ஒரே வீச்சில் செய்துவிட்டு, மறுபடி சோதிக்கும். செய்ய ஒன்றும் மிஞ்சாதபோதுதான் காத்திருந்த ட்ரிகர்கள் (ஒரு நிகழ்வால் தானாகக் கிளம்பும் திறன்கள்) ஸ்டாக்கில் ஏறும். பிறகு இன்னொரு சோதனை. அதற்குப் பின்தான் ஆட்டக்காரரின் முறை. இருவர் லைஃபும் ஒரே சோதனையில் 0 ஆகத் தெரிந்தால் ஆட்டம் டிரா. இன்டஸ்ட்ரக்டபிள் (அழிக்க முடியாத) க்ரீச்சரை டேமேஜால் கொல்ல முடியாது, ஆனால் -5/-5 கொடுத்து டஃப்னஸை 0க்கு இறக்கினால் போய்விடும். ஏனெனில் அது ‘அழிப்பு’ அல்ல, நேரே கிரேவ்யார்டுக்கு அனுப்புவது.

டார்மோகாய்ஃபின் உயிர் இந்தச் சோதனை நேரத்தில்தான் தங்குகிறது. போல்ட் 3 டேமேஜ் தருகிறது. நிறைவேறலின் கடைசிப் படியாக போல்ட் சீட்டே கிரேவ்யார்டில் போய் விழுகிறது. அது ஒரு இன்ஸ்டன்ட். அதுவரை அங்கே இல்லாத மூன்றாவது வகை. இதெல்லாம் முடிந்த பிறகே சோதனை ஓடுகிறது. அப்போது டார்மோகாய்ஃப் 3/4, அதன் மேல் 3 டேமேஜ். பிழைத்தது. முன்பே அங்கே ஒரு லேண்டும் ஒரு இன்ஸ்டன்ட்டும் கிடந்திருந்தால்? வகைக் கணக்கு மாறியிருக்காது, 2/3 ஆகவே செத்திருக்கும்.

போல்ட் விழுந்த அந்தக் கணத்திலேயே 2/3 எப்படி 3/4 ஆனது? அதைச் செய்தது இரண்டாவது இயந்திரம். அதன் பெயர் லேயர். ஒரு சீட்டின் தற்போதைய நிலை வேண்டும்போதெல்லாம், அச்சிட்ட மதிப்பிலிருந்து தொடங்கி, அதன் மேல் படும் எல்லா விளைவுகளையும் ஏழு லேயர்களாக அடுக்கிப் புதிதாகக் கணக்கிட வேண்டும். 1 நகல், 2 கட்டுப்பாடு, 3 எழுத்து மாற்றம், 4 வகை, 5 நிறம், 6 திறன்களைக் கூட்டுவதும் நீக்குவதும், 7 பவரும் டஃப்னஸும். ஏழாவதுக்குள்ளே நான்கு படிகள்: டார்மோகாய்ஃப் போலத் தன் அளவைத் தானே வரையறுப்பவை 7ஏ, அளவை ஒரு எண்ணாக நிர்ணயிப்பவை 7பி, கூட்டுவதும் கழிப்பதும் கவுன்டர்களும் (சீட்டின் மேல் வைக்கும் குறிகள்) 7சி, பவரையும் டஃப்னஸையும் இடம் மாற்றுபவை 7டி.

ஜயன்ட் குரோத் பெற்று 5/5 ஆன கரடி மேல் டர்ன் டு ஃப்ராக் போடுகிறார்கள். திறன்கள் எல்லாம் போய் 1/1 நீலத் தவளை. அளவு என்ன? கடைசியாக வந்தது தவளை, ஆகவே 1/1 என்பார்கள். அது ஸ்டாக்கின் புத்தி. லேயரில் 1/1 என்பது 7பி, +3/+3 என்பது 7சி. முதலில் 1/1, அதன் மேல் 3 கூட்டி 4/4. எது முதலில் வந்திருந்தாலும் விடை இதுவே.

ஒரே படியில் இரண்டு விளைவுகள் மோதினால்தான் காலம் எட்டிப் பார்க்கும். பிந்திய டைம்ஸ்டாம்ப் (விளைவு தொடங்கிய நேரம்) கடைசியில் பதிவதால் அது சொன்னதே நிற்கும். அதற்கும் மேலே டிபென்டன்சி, அதாவது சார்பு, என்ற ஒன்று உண்டு. மவுன்டன், ஸ்வாம்ப் போன்றவை பேசிக், அதாவது அடிப்படை லேண்டு வகைகள். பேசிக் அல்லாத லேண்டுகள் எல்லாம் மவுன்டன் என்கிறது பிளட் மூன் என்ற சீட்டு. ஒவ்வொரு லேண்டும் கூடுதலாக ஸ்வாம்ப் என்கிறது ‘அர்போர்க், டூம் ஆஃப் யாக்மாத்’ என்ற சீட்டு. ஆனால் அதுவே ஒரு பேசிக் அல்லாத லேண்டு. இரண்டுமே லேயர் 4. பிளட் மூனைப் பொருத்தினால் அர்போர்க் வெறும் மவுன்டன் ஆகித் தன் திறனையே இழக்கும், அதாவது அர்போர்க்கின் விளைவு இருக்குமா என்பதே பிளட் மூனைச் சார்ந்திருக்கிறது. எனவே எது முன்பு களமிறங்கியிருந்தாலும் பிளட் மூன்தான் முதலில். ஒரு லேண்டும் ஸ்வாம்ப் ஆகாது.

ஜட்ஜ் (போட்டி நடுவர்) ஆகப் படிப்பவர்களுக்குத் தலைவலி தரும் பழைய ஜோடி ஒன்று: 1997ல் வந்த ஹ்யூமிலிட்டி, 1999ல் வந்த ஓபலசென்ஸ். எல்லா க்ரீச்சர்களும் திறன்களை இழந்து 1/1 ஆகும் என்பது முதலாவது. ஆரா (வேறொன்றோடு ஒட்டிக்கொள்ளும் வகை) அல்லாத மற்ற என்சான்ட்மென்ட்கள் (களத்தில் தங்கும் மந்திரங்கள்) எல்லாம் தம் மானா மதிப்பளவு (சீட்டின் மந்திர விலை) பவரும் டஃப்னஸும் கொண்ட க்ரீச்சர்கள் என்பது இரண்டாவது. ஹ்யூமிலிட்டியும் மானா மதிப்பு 4 உள்ள ஒரு என்சான்ட்மென்ட், ஆகவே லேயர் 4ல் அது க்ரீச்சர் ஆகிறது. லேயர் 6ல் தன் திறனையே தான் பறித்துக்கொள்கிறது. அப்படியானால் 7பியில் ஒன்றும் செய்யாதா? செய்யும். ஒரு லேயரில் வேலையைத் தொடங்கிவிட்ட விளைவு, இடையில் அதன் திறன் மறைந்தாலும், மிச்ச லேயர்களிலும் தொடரும். ஆகவே 7பியில் 1/1 என்பதும் 4/4 என்பதும் மோதுகின்றன, டைம்ஸ்டாம்ப் தீர்க்கிறது. ஹ்யூமிலிட்டி பிந்தி வந்திருந்தால் அது 1/1. ஓபலசென்ஸ் பிந்தியிருந்தால் ஹ்யூமிலிட்டி 4/4, மற்ற க்ரீச்சர்கள் 1/1.

இரண்டு இயந்திரங்களுக்கும் வெளியே நிற்பவை ரீப்ளேஸ்மென்ட் விளைவுகள். சீட்டில் ‘இன்ஸ்டெட்’ என்று இருந்தால் அது ஸ்டாக்கில் ஏறாது. நிகழ்வு நடக்கும் முன்பே அதை வேறொன்றாக மாற்றிவிடும். ‘வென்’, ‘வெனெவர்’, ‘அட்’ என்று தொடங்கினால் ட்ரிகர். நடுவில் முக்காற்புள்ளி இருந்தால் விலை கொடுத்துத் தூண்டும் திறன். கிரேவ்யார்டுக்குப் போக வேண்டியதை எக்ஸைலுக்கு, அதாவது ஆட்டத்திலிருந்து ஒதுக்கிவைக்கும் இடத்துக்கு, திருப்பும் ரெஸ்ட் இன் பீஸ் களத்தில் இருந்தால், க்ரீச்சர் சாவதற்கென்று காத்திருக்கும் பிளட் ஆர்டிஸ்ட்டுக்கு ட்ரிகரே கிடைக்காது, ஏனெனில் விதிப்படி எதுவும் சாகவில்லை. ஒரே நிகழ்வை மாற்ற இரண்டு விளைவுகள் போட்டியிட்டால், எதை முதலில் பொருத்துவது என்று தேர்வு செய்பவர் அந்த நிகழ்வு யாரை, அல்லது யாருடைய சீட்டைப் பாதிக்கிறதோ அவர்தான். அந்தச் சீட்டுகளைப் போட்டவர் அல்ல.

டோர்னமென்ட்டில் சந்தேகம் வந்தால் அடுத்த சீட்டைத் தொடுவதற்கு முன் கையைத் தூக்கி ஜட்ஜை அழைக்க வேண்டும். மூன்று செயல்கள் தாண்டிய பிறகு அழைத்தால் நிலைமையைப் பின்னோக்கித் திருத்துவது பல சமயம் முடியாது. சீட்டில் அச்சானதை நம்பி வாதாடாதீர்கள். ஆரக்கிள் என்ற தரவுத்தளத்தில் இருக்கும் இன்றைய வாசகமே செல்லும், பழைய சீட்டுகளில் இரண்டும் வெகுவாக வேறுபடும். தீர்ப்பு பிடிக்காவிட்டால் ஹெட் ஜட்ஜிடம் மேல்முறையீடு உண்டு, அவர் சொல்வது முடிவு. விதி கேட்கலாம், எப்படி ஆடினால் நல்லது என்று கேட்டால் சொல்லமாட்டார்கள்.

களத்தில் வேறு எதுவும் இல்லாமல் மூன்று ஓப்லிவியன் ரிங்குகள் ஒன்றையொன்று எக்ஸைல் செய்து சுற்றத் தொடங்கி, யாராலும் நிறுத்த முடியாவிட்டால், ஆட்டம் டிரா. ஆனால் ஒரு சுற்று முடிவில்லாததா என்று எப்போதும் சொல்லிவிட முடியுமா? அலெக்ஸ் சர்ச்சில், ஸ்டெல்லா பிடர்மன், ஆஸ்டின் ஹெரிக் மூவரும் 2019ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை முடியாது என்று காட்டியது. ஒவ்வொரு நகர்வும் கட்டாயமாகவே நடக்கும்படி மேஜிக் சீட்டுகளைக் கொண்டே ஒரு டூரிங் இயந்திரத்தை (கணினியின் கருத்தியல் மாதிரி) அவர்கள் அமைத்தார்கள். அந்த மேசையில் அடுத்த படி என்ன என்று எந்த ஜட்ஜும் சொல்லிவிடலாம்; யார் ஜெயிப்பார் என்பதை எல்லா நிலைகளுக்கும் சொல்லக்கூடிய கணிமுறை எதுவும் இருக்க முடியாது.