‘பேரலல்’ என்றால் பக்க இணைப்பா, சமாந்தரமா?

பழுப்பு, கருப்பு, சிவப்பு, ஓரத்தில் தங்கம். மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் மின்தடையத்தில் (ரெசிஸ்டர்) இந்த நிற வளையங்கள் இருந்தால் அது 1 கிலோ ஓம், அதாவது 1000 ஓம், 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். அப்படி இரண்டை எடுத்து பிரெட்போர்டில், அதாவது ஒரே வரிசைத் துளைகள் உள்ளுக்குள் இணைந்திருக்கும் சோதனைப் பலகையில், பேரலலாகச் செருகினேன். சுமார் 500 ஓம் காட்ட வேண்டிய மல்டிமீட்டர் 990-ஐத் தாண்டி நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று மீட்டரைத் தட்டிக்கூடப் பார்த்தேன். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், கோடு போட்ட மாதிரி நேராகத்தான் படுத்திருந்தன. ஆனால் ஒன்றின் வலதுகால் மட்டும் ஒரு துளை தள்ளி அடுத்த வரிசையில் இறங்கியிருந்தது, அதாவது இடதுபக்கம் சேர்ந்திருந்தவை வலதுபக்கம் சேரவே இல்லை. கண்ணுக்கு அசல் பேரலல், சுற்றுக்கு அது பேரலலே இல்லை. இந்தத் தடுமாற்றத்தில் பாதிப் பழி எனக்கு, மீதி அந்தச் சொல்லுக்கு.

பேரலல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘பாரா’ என்றால் பக்கத்தில், ‘அல்லேலோன்’ என்றால் ஒன்றுக்கொன்று. இரண்டும் சேர்ந்து ‘ஒன்றின் பக்கத்தில் ஒன்று’, அவ்வளவுதான். ‘எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காது’ என்பது யூக்ளிட்டின் வடிவியல் கோடுகளுக்குச் சேர்த்த நிபந்தனை. பள்ளியில் நாம் பேரலலை முதலில் பார்ப்பது அங்கேதான் என்பதால் அந்த நிபந்தனையே மனதில் ஒட்டிக்கொள்கிறது. மின்சுற்றிலோ நிலைமை நேர் எதிர்: இரண்டு முனையிலும் சந்தித்தால்தான் அது பேரலல். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் இதற்கு ‘மல்டிபிள் ஆர்க்’ என்ற பெயரும் இருந்தது. ஒரு புள்ளியில் கிளம்பி இன்னொரு புள்ளியில் சேரும் பல வளைவுகள். என்னைக் கேட்டால் அதுதான் நேர்மையான பெயர், ஏனோ நிலைக்கவில்லை.

தமிழுக்கு வருவோம். இலங்கைப் பாடநூல்களில் ‘சமாந்தர இணைப்பு’, தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘பக்க இணைப்பு’. சமாந்தரம் வடமொழி: சம, அந்தரம், அதாவது சம இடைவெளி. கோடுகளுக்கு அச்சு அசலான சொல். சுற்றில் இடைவெளிக்கு என்ன வேலை? ஒரு தடையத்தை மேசையின் இந்த ஓரத்திலும் இன்னொன்றை அந்த ஓரத்திலும் வைத்து, நீளக் கம்பியால் இருமுனைகளையும் சேர்த்தாலும் அது பேரலல்தான்.

‘இணை’ என்றே சொல்லலாமே, இணைகோடு, இணைகரம் எல்லாம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். சொல்லலாம், ஆனால் ‘இணையாக இணைக்கப்பட்ட’ என்று எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். தமிழில் சேர்ப்பதும் இணைதான், சோடியும் இணைதான், பேரலலும் இணைதான். ‘இரு தடையங்களை இணைத்தால்’ என்று ஒருவர் எழுதினால் எப்படி இணைத்தார் என்று தெரியாமல் அடுத்த வரிக்கே போக முடியாது.

அதனால் என் ஓட்டு பக்க இணைப்புக்கு. வேடிக்கை என்னவென்றால், ‘பாரா’வின் நேர்ப்பொருளும் பக்கம்தான். வடிவியலின் நிபந்தனையைக் கழற்றிவிட்டு கிரேக்க வேர் வரைக்கும் போய்த் தொட்டுவிட்டது நம் சொல். ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கும் சீரிஸுக்குத் ‘தொடர் இணைப்பு’ என்பதும் இதேபோல நன்றாக வாய்த்த ஒன்று. லத்தீனில் அதன் வேருக்குக் கோத்தல் என்று பொருள், நாம் பூத் தொடுக்கிற ‘தொடு’வும் ‘தொடர்’-உம் ஒரே குடும்பம். ஆனாலும் பக்கத்தில் வைத்துவிட்டால் பக்க இணைப்பு ஆகிவிடாது என்பதை என் பிரெட்போர்டு கதை சொல்லிவிட்டது. இரு முனைகளும் பொது, ஆகவே எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரே மின்னழுத்தம். வரையறை இதுதான், படத்தில் எப்படி வரைந்திருக்கிறார்கள் என்பது அல்ல.

ஒரு கணக்கு. 12 வோல்ட்டுக்குக் குறுக்கே 6 ஓமும் 3 ஓமும் பக்க இணைப்பில் இருக்கின்றன. 6 ஓமில் 2 ஆம்பியர், 3 ஓமில் 4 ஆம்பியர், மூலத்திலிருந்து கிளம்புவது மொத்தம் 6 ஆம்பியர். கம்பிகள் சேரும் சந்திக்குள் வரும் மின்னோட்டமும் வெளியே போவதும் சமம் என்று 1845-இல் இயற்பியலாளர் கிர்க்காஃப் சொன்ன விதி இது. 12-ஐ 6-ஆல் வகுத்தால் 2 ஓம். இரண்டில் சிறியதைவிடவும் சிறியது! தடையைக் கூட்டினோம், தடை குறைந்தது என்பது பலருக்குத் தொண்டையில் சிக்கும் இடம். ‘தடை’ என்ற சொல்லையே பிடித்துக்கொண்டிருந்தால் சிக்கத்தான் செய்யும். கூட்டியது தடையை அல்ல, வழியை. இன்னொரு கிளை திறந்தால் மொத்தமாகப் போவது கூடும்.

இதைச் சொல்ல நல்ல அளவு ஒன்று இருக்கிறது, கடத்துதிறன், அதாவது தடையின் தலைகீழி. பக்க இணைப்பில் கடத்துதிறன்கள் நேராகக் கூடும், 6-இல் ஒன்றும் 3-இல் ஒன்றும் கூட்டினால் 2-இல் ஒன்று. மனப்பாடம் செய்கிற அந்தத் தலைகீழ் சூத்திரம் முழுக்க இந்தக் கூட்டல்தான். இதன் அலகுக்கு இயற்பியலாளர் கெல்வின் பிரபு 1883-இல் ‘ஓம்’ என்பதன் ஆங்கில எழுத்துகளையே திருப்பிப் போட்டு ‘மோ’ என்று பெயர் வைத்தார். 1971 முதல் அதிகாரப்பூர்வப் பெயர் சீமென்ஸ். எனக்கு மோதான் பிடிக்கும், பெயரிலேயே தலைகீழ் இருக்கிறதே.

அப்புறம், ‘மின்சாரம் தடை குறைந்த வழியில்தான் போகும்’ என்ற புழக்கம். தவறு. எல்லா வழியிலும் போகும், தடை குறைந்த வழியில் அதிகமாகப் போகும். மேலே பார்த்த 6 ஓமில் 2 ஆம்பியர் ஓடிக்கொண்டுதானே இருந்தது?

பொருளுக்கு என்ன பெயர் என்பது தனித் தலைவலி. ரெசிஸ்டன்ஸ் பண்பு, ரெசிஸ்டர் அந்தப் பண்புக்காகச் செய்த பொருள். இரண்டுக்கும் ‘மின்தடை’ என்றே எழுதுகிறவர்கள் உண்டு. ‘மின்தடை அதிகம்’ என்றால் அளவு அதிகமா, எண்ணிக்கை அதிகமா? போதாக்குறைக்கு, செய்தித்தாளில் ‘நாளை மின்தடை’ என்றால் கரண்ட் இருக்காது. பொருளைக் குறிக்க மின்தடையாக்கி, மின்தடையம், தடையி என மூன்று சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. தடையி இலங்கை வழக்கு, கடத்தி, மின்மாற்றி போல இகரத்தில் முடிகிற கருவிப்பெயர், சின்னதாக அழகாக இருக்கிறது. மின்தடையாக்கி எழுதுவதற்குள் கை வலிக்கும். நான் மின்தடையம் என்று எழுதிப் பழகிவிட்டேன், அது என்ன என்று புரிந்துவிட்ட பிறகு வெறும் தடையம்.

தடையத்தை மீட்டரில் அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1 மெகா ஓம் தடையத்தின் இரு கால்களையும் மீட்டர் முனைகளோடு சேர்த்து இரண்டு கை விரல்களாலும் அழுத்திப் பிடித்தால், அளவு குறைவாகக் காட்டும். விரலில் ஈரம் இருந்தால் இன்னும் குறையும். தடையத்தில் கோளாறு இல்லை, உங்கள் உடம்பே அதற்குப் பக்க இணைப்பாகப் போய் நின்றுவிட்டது. 100 ஓம் தடையத்தை அதேபோலப் பிடித்துப் பாருங்கள், எண் அசையவே அசையாது.