கண்ணாடியை மங்க வைப்பது தண்ணீரா, துளியா?

வெந்நீரில் குளித்துவிட்டுத் தலைவாரப் போனால் கண்ணாடியில் முகம் தெரியாது. துண்டால் துடைத்தால் சற்று நேரம் தெளியும், அப்புறம் பழையபடி மங்கிவிடும். கண்ணாடி இன்னும் குளிர்ந்துதானே இருக்கிறது, துடைத்து என்ன பயன்?

காற்றில் எவ்வளவு நீராவி இருக்க முடியும் என்பது வெப்பத்தைப் பொறுத்தது. 40 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 51 கிராம் வரை இருக்கலாம். 20 டிகிரியில் 17 கிராம்தான். ஆவி நிறைந்த சூடான காற்று கண்ணாடியைத் தொட்டுக் குளிர்ந்ததும், அளவுக்கு மிஞ்சிய ஆவி அங்கேயே நீராகிவிடுகிறது.

ஆனால் நீர் நிறமற்றது, ஒளி ஊடுருவக்கூடியது. அது ஏன் முகத்தை மறைக்க வேண்டும்? மங்கிய கண்ணாடியை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள்: பொடிப்பொடியாக, குமிழ் குமிழாக ஆயிரக்கணக்கான துளிகள். ஒவ்வொரு துளியின் வளைந்த பரப்பும் ஒளியை ஒவ்வொரு பக்கம் திருப்பிவிடுகிறது. அதே நீர் மெல்லிய படலமாகப் பரவியிருந்தால் முகம் தெளிவாகத் தெரியும்.

துளியாகத் திரள்வதற்கு நீரின் பரப்பு இழுவிசை, அதாவது நீரின் மேற்பரப்பைச் சுருக்கி இழுக்கும் விசை, ஒரு காரணம், கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப்பசை இன்னொரு காரணம். சுத்தமான கண்ணாடியில் நீர் நன்றாகவே பரவும். மங்கிய கண்ணாடியில் விரலால் எழுதிய பெயர் அடுத்த நாள் ஆவி படியும்போது மறுபடி எட்டிப்பார்க்கும், கவனித்திருப்பீர்கள். விரல் பட்ட இடத்தில் துளிகள் வேறு அளவில், வேறு வடிவில் உட்காருவதுதான் அதன் ரகசியம்.

ஆக, ஆவி படிவதைத் தடுக்க முடியாவிட்டாலும் அதைத் துளியாக விடாமல் தடுக்கலாம். கொஞ்சம் ஷேவிங் ஃபோமோ, ஒரு சொட்டு ஷாம்புவோ தடவி, உலர்ந்த துணியால் பளபளப்பு வரும்வரை தேய்த்தால் போதும். மிஞ்சும் மெல்லிய சோப்புப் பூச்சு பரப்பு இழுவிசையைக் குறைத்து, நீரைப் பரவ விடும். சில குளியலுக்குப் பிறகு பூச்சு கரைந்துபோகும், மறுபடி தடவ வேண்டியதுதான். மழைநீர் ஒட்டாமல் உருண்டோடச் செய்யும் கார் கண்ணாடிப் பூச்சை இங்கே தடவ வேண்டாம். அது நீரைத் துளியாக்கும் பூச்சு. நமக்கு வேண்டியது நேர்மாறு.

விண்வெளியிலும் இதே வைத்தியம்தான். 1966இல் அமெரிக்காவின் ஜெமினி 9ஏ விண்வெளிப் பயணத்தில் விண்கலத்துக்கு வெளியே வந்த வீரர் யூஜின் செர்னானின் தலைக்கவசக் கண்ணாடி மங்கி, எதிரே இருப்பதே தெரியாமல் போனது. அதற்குப் பிறகு மங்கலைத் தடுக்கும் கரைசல் பூசுவது வழக்கமானது. அதிலும் ஒரு வம்பு: 2001இல் விண்கலத்துக்கு வெளியே வேலை செய்த கனடா வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டின் கண்ணில் அந்தக் கரைசல் பட்டு எரிந்தது. எடையற்ற நிலையில் கண்ணீர் வழிந்தோடாது. அது திரண்டு அடுத்த கண்ணுக்கும் பரவ, விண்வெளியில் நின்றபடி சிறிது நேரம் அவருக்குப் பார்வையே இல்லை.

டைட்டானியம் டை ஆக்சைடு பூச்சு இன்னும் நீடித்து உழைக்கும். வெயிலில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி பட்டால் அதன் மேல் நீர் ஏறக்குறைய தட்டையாகவே பரவிவிடும் என்று 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். காரின் பக்கக் கண்ணாடிக்கு நல்ல தீர்வு. வெயில் எட்டாத குளியலறையில் அதன் பலன் குறைவு.

செலவு பரவாயில்லை என்றால் கண்ணாடியின் முதுகில் மின்சாரத்தில் சூடாகும் மெல்லிய தகட்டை ஒட்டலாம். கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கத் தேவையில்லை, ஆவி நீராகும் வெப்பநிலைக்குச் சற்று மேலே இருந்தால் போதும். எக்ஸாஸ்ட் ஃபேனைக் குளிக்கத் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். அது கண்ணாடியைச் சூடாக்காது, ஆனால் ஆவியைக் குறைக்கும். கதவுக்கு அடியில் காற்று உள்ளே வர இடைவெளி இல்லையென்றால் அந்த ஃபேன் சும்மா சத்தம்தான் போடும்.