களிகூர்தல்: கள்ளில் வேர்விட்டுக் கர்த்தருக்குள் வந்த சொல்

களிகூர்தல் என்ற வினையைத் தமிழ்நாட்டில் இன்று புழக்கத்தில் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள்தாம். நாளிதழ்களில் யாரும் களிகூர்வதில்லை. தேர்தலில் வென்றவர் மகிழ்ச்சி தெரிவிக்கிறார், பரிசு பெற்றவர் பூரிப்படைகிறார், ரசிகர்கள் உற்சாக வெள்ளத்தில் மிதக்கிறார்கள். சேலத்தில் ஏதாவது ஒரு சபையில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தால் இந்தச் சொல் ஒரு தடவையாவது காதில் விழும். வேதாகமத்தின் சங்கீதப் பாடல்களை வாசிக்கையில் வராவிட்டால் ஜெபத்தில் வரும். ஜெபத்தில் வராவிட்டால் பிரசங்கத்தில் நிச்சயம் வரும். பொருள் கேட்டால் “சந்தோஷப்படுவதுதான்” என்பார்கள். அது பாதிதான் சரி.

சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். களி, கூர் என்று இரண்டு உறுப்புகள். முதலில் களி.

சேலம், தருமபுரிப் பக்கத்தில் களி என்றால் முதலில் நினைவுக்கு வருவது கேழ்வரகுக் களி. அடுத்தது சிறைச்சாலை, ‘களி தின்னப் போகிறாயா’ என்ற அதட்டல் இந்த ஊர்ப் பையன்கள் எல்லாருக்கும் தெரியும். ஓய்வுநாள் பள்ளியில் “களிகூருங்கள்” என்று மனப்பாட வசனம் கொடுத்தால் கடைசி வரிசையில் சிரிப்பு எழுவது இயல்பு. ஆனால் உண்ணும் களி வேறு, இந்தக் களி வேறு. இதன் வேர் ‘கள்’ என்ற பெயரில் இருக்கிறது. கள்ளுண்டால் களிப்பு, களித்தவன் களிமகன். மகிழ் என்ற சொல்லுக்கும் பழந்தமிழில் கள் என்ற பொருளும், கள்ளுண்டு மயங்குதல் என்ற பொருளும் உண்டு. வள்ளுவர் இரண்டையும் ஒரே குறளில் வைத்து விளையாடுகிறார்: “உள்ளக் களித்தலும் காண மகிழ்தலும் கள்ளுக்கில் காமத்திற் குண்டு.” நினைத்த மாத்திரத்தில் களிப்பதும், கண்ட மாத்திரத்தில் மகிழ்வதும் கள்ளுக்கு வாய்க்காதாம். கள்ளுக்கடைச் சொற்கள் இரண்டையும் எடுத்து, கள்ளைவிடப் பெரிய ஒன்றுக்கு மாலையாகப் போட்டுவிட்டார்.

விவிலியத் தமிழ் செய்ததும் இதைத்தான். மதராஸ் மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்; 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது. அப்போதும் சபைகளில் கள்ளின் வேரைக் கொண்ட இந்தச் சொல் தங்குதடையில்லாமல் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. மது கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லும் ஒரு கூட்டம், தன் கடவுளைப் பற்றிய மகிழ்ச்சிக்கு மட்டும் மதுவின் வழியாக வந்த சொல்லை வைத்திருக்கிறது. இதில் முரண்பாடு இல்லை. பெந்தெகொஸ்தே நாளில், அதாவது பரிசுத்த ஆவி இறங்கிய நாளில், இயேசுவின் சீஷர்களைப் பார்த்தவர்கள், “இவர்கள் மதுபானத்தினால் நிறைந்திருக்கிறார்கள்” என்று கேலி செய்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. பேதுரு எழுந்து நின்று, பொழுது விடிந்து மூன்றாம் மணி வேளைதானே ஆகிறது என்று பதில் சொல்கிறார். நம் கணக்கில் காலை ஒன்பது மணி. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு வெறியும் களிகூர்தலும் ஒன்றுபோலத் தெரியலாம் என்பதை அந்த நூல் மறைக்கவில்லை.

இனி ‘கூர்’. என் கணக்கில் சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கூர் என்றதும் கத்தி முனை நினைவுக்கு வரும். ஆனால் வினையாக வரும்போது மிகுதல் என்று பொருள். இதைத் தெரிந்துகொள்ள அகராதியைப் புரட்டக்கூட வேண்டியதில்லை. “அருள்கூர்ந்து வரிசையில் வரவும்” என்ற பலகை போதும். நினைவுகூர்தல் என்கிறோம். “தேவன் இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்” என்று யோவான் சுவிசேஷத்தின் பெயர்பெற்ற வசனத்தில் வருவதும் இதே கூர்தான். தொல்காப்பியர் உரியியலில் “கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்” என்கிறார். முன்பே உள்ள ஒன்று இன்னும் மிகுவதையே கூர்ப்பு என்ற சொல் குறிக்கிறது. இல்லாததை வரவழைப்பது கூர்தல் ஆகாது. நினைவு இருந்தால்தான் நினைவுகூர முடியும். அப்படியானால் களிகூர்பவனிடம் களி ஏற்கெனவே இருந்தாக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள் இலக்கணத்தை எண்ணித்தான் இதைத் தேர்ந்தார்கள் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் பயன்படுத்தியிருக்கும் விதம் அச்சாகப் பொருந்துகிறது. இன்றும் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளில் படிக்கப்படும் 1871-ஆம் ஆண்டின் தமிழ் வேதாகமத்தைத் திறந்தால், மலைப்பிரசங்கத்தில் “சந்தோஷப்பட்டு, களிகூருங்கள்” என்று இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். பேதுருவின் முதல் நிருபத்தில் “சொல்லிமுடியாததும் மகிமையால் நிறைந்ததுமாயிருக்கிற சந்தோஷமுள்ளவர்களாய்க் களிகூர்ந்து” என்று வரும். கிரேக்க மூலத்திலும் இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஒன்று காரா, உள்ளே தங்கியிருக்கும் மகிழ்ச்சி. கிருபையைக் குறிக்கும் காரிஸ் என்ற சொல்லும் இதே வேரில் பிறந்தது. மற்றொன்று ‘அகல்லியாவோ’ என்ற வினை, அந்த மகிழ்ச்சி பொங்கி வாய்க்கும் உடலுக்கும் வருவது. மரியாளின் பாடலில் “என் ஆவி என் இரட்சகராகிய தேவனில் களிகூருகிறது” என்ற இடத்திலும், “இயேசு ஆவியிலே களிகூர்ந்து” என்று லூக்கா எழுதும் இடத்திலும் இருப்பது இரண்டாவது சொல். சந்தோஷம் இருப்பு, களிகூர்தல் அந்த இருப்பு மிகுந்து வெளிப்படுவது.

சந்தோஷம் என்ற சொல்லையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். அது வடசொல். ‘துஷ்’ என்ற வேரிலிருந்து வருகிறது. திருப்தியடைதல் என்று பொருள். சமஸ்கிருதத்தில் ஸந்தோஷ என்பது கிடைத்தது போதும் என்ற மனநிறைவைக் குறிக்கும்; யோக நூல் அதை நியமங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. தமிழுக்கு வந்து அது பொதுவான மகிழ்ச்சியாக விரிந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பவுல், இருப்பதில் நிறைவு கொள்ளும் மனத்தைப் பற்றித் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது சமஸ்கிருதக் கணக்கில் பொருத்தமான சொல் சந்தோஷம்தான். ஆனால் அதைத்தான் காராவுக்குக் கொடுத்தாயிற்றே! ஆகவே தமிழில் “போதுமென்கிற மனதுடனேகூடிய தேவபக்தி” என்று விரிந்து வந்து விழுந்தது. எனக்கு இந்தத் தொடர் மிகவும் பிடிக்கும். கட்டாயத்தில் பிறந்த நல்ல தமிழ்.

கெம்பீரம் இன்னொரு விசித்திரம். ஆழம் என்று பொருள்தரும் வடசொல், ஊருக்குள் கம்பீரமாக மீசை முறுக்கிக்கொண்டு நடக்கிறது. சபைக்குள் வந்ததும் உரக்க ஆர்ப்பரிக்கிறது. “கண்ணீரோடே விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடே அறுப்பார்கள்.” இதற்கு நேர்த்தமிழ் ஆர்ப்பரிப்பு. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

வடசொல்லா தமிழா என்ற வழக்குக்குச் சேலம் பொருத்தமான ஊர். தத்துவபோதகர் என்று பெயர்பெற்ற இத்தாலியத் துறவி ராபர்ட் தெ நொபிலி 1623-இல் சேந்தமங்கலம் வழியாக இந்தப் பக்கம் வந்தார். கிறிஸ்தவக் கருத்துகளுக்குச் சமஸ்கிருதச் சொற்களைத் தாராளமாக எடுத்தாண்ட முன்னோடி அவர். முந்நூறு ஆண்டுகள் கழித்து, அதே சேலத்தின் நகராட்சிக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை தமிழ்த்துறையில் இருந்தவர் ஞா. தேவநேயப் பாவாணர், வேர்ச்சொல் ஆய்வையே வாழ்க்கையாகக் கொண்டவர், கிறிஸ்தவர், தனித்தமிழின் தலைமகன். இருவரும் காலம் கடந்து சேலத்தில் சந்தித்திருந்தால் விவாதம் எத்தனை நாள் நடந்திருக்குமோ!

1995-இல் வெளிவந்த திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பு பாவாணர் பக்கம் சாய்ந்தது. சந்தோஷம் போய் மகிழ்ச்சி வந்தது. சேலம் குழந்தை இயேசு பேராலயத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, மகிழ்ச்சி ஞாயிறு. அந்த ஞாயிற்றுக்கு அப்பெயர் வரக் காரணமான பிலிப்பியர் வசனம் இப்பதிப்பில், “ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்” என்று இருக்கிறது. மரியாளின் ஆவி களிகூர்ந்த இடத்தில் “எனது மனம் பேருவகை கொள்கின்றது” என்று வந்திருக்கிறது. அழகான தமிழ்தான், மறுக்கவில்லை. சந்தோஷத்துக்கு மகிழ்ச்சி என்பது சரியான மாற்று. களிகூர்தலுக்குப் பேருவகை என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

காரணம் தொல்காப்பியத்தில் இருக்கிறது. மெய்ப்பாட்டியல் உவகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: “செல்வம் புலனே புணர்வு விளையாட்டென்று அல்லல் நீத்த உவகை நான்கே.” பொருள், அறிவு, காதலர் கூட்டம், விளையாட்டு ஆகிய நான்கிலிருந்து பிறப்பது உவகை. அதற்கு ‘அல்லல் நீத்த’ என்று ஓர் அடைமொழியும் போட்டுவிட்டார். துன்பம் விலகிய இடத்தில் வருவதுதான் உவகை. களிகூர்தல் அல்லலோடு ஒரே திண்ணையில் உட்காரும். ஆபகூக் தீர்க்கதரிசி அத்திமரம் துளிர்விடாமல், திராட்சைச் செடியில் பழமில்லாமல், வயல் விளையாமல், கிடையில் ஆடும் தொழுவத்தில் மாடும் இல்லாமல் போவதையெல்லாம் வரிசையாக அடுக்கிவிட்டு, “என் இரட்சிப்பின் தேவனுக்குள் களிகூருவேன்” என்கிறார். தொல்காப்பியரின் முதல் நிலைக்களனாகிய செல்வம் மொத்தமாகக் கைவிட்டுப் போன பிறகு வருகிற வாக்கியம் அது.

ஏற்காட்டில் இந்த வசனத்துக்கு விளக்கம் தேவையில்லை. காப்பிச் செடிக்கு மார்ச், ஏப்ரலில் ஒரு மழை வேண்டும். கிளைக் கணுக்களில் பச்சையாக ஒடுங்கியிருக்கும் மொட்டு அந்த மழைக்காகக் காத்திருக்கும். பெய்த பத்து நாளுக்குள் மலைச்சரிவு முழுவதும் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை போன்ற மணம் சாலைவரை வரும். பூ நிற்பது இரண்டு மூன்று நாள்தான். பிஞ்சு பிடிக்கப் பின்னால் இன்னொரு மழையும் வேண்டும். முதல் மழை பொய்த்தால் மொட்டு கருகும், இரண்டாவது பொய்த்தால் பூ வீணாகும். டிசம்பரில் பறிக்கக் காய் இருக்காது, பறிக்கிற ஆளுக்குக் கூலியும் இருக்காது. சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடியாவது கைகொடுக்குமா என்று பார்ப்பார்கள். அந்த வருஷமும் அறுப்பின் பண்டிகை நடக்கும். ஆலயத்தின் முன் பூசணி, பலா, வாழைத்தார், ஒரு பொட்டலம் காப்பித்தூள் என்று இருப்பதைக் கொண்டுவந்து வைப்பார்கள், பிறகு ஏலம். சந்தையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் பூசணிக்காயை ஒருவர் பல மடங்கு விலைக்கு எடுப்பார். எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் மறுபடியும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். ஏலம் விடுகிறவருக்கு உற்சாகம் தாங்காது, கூட்டம் கைதட்டும். உள்ளது சிறக்கும் என்று தொல்காப்பியர் சொன்னது இந்தப் பூசணிக்காய்க்கும் பொருந்தும்.

இன்னொரு சிறு உருபையும் பார்த்துவிட வேண்டும். நாம் “உங்களைப் பார்த்ததில் மகிழ்ச்சி” என்கிறோம். அந்த ‘இல்’ காரணத்தைச் சொல்கிறது. பார்த்தேன், ஆகவே மகிழ்ந்தேன். வேதாகமம் “கர்த்தருக்குள்” என்கிறது. சங்கீதம் 37 “கர்த்தரிடத்தில் மனமகிழ்ச்சியாயிரு” என்கிறது. உள், இடம் இரண்டும் இருப்பிடத்தைக் காட்டுபவை. கர்த்தர் எனக்கு ஒன்று கொடுத்தார், அதனால் மகிழ்கிறேன் என்ற கணக்கு இதில் இல்லை. அது தவறு என்றும் சொல்லவில்லை. நன்றி செலுத்துதல் என்று அதற்குத் தனிப்பெயர் இருக்கிறது. வீடு கட்டியாயிற்று, பெண்ணுக்கு வரன் அமைந்தது என்று சபையில் எழுந்து சொல்லும் சாட்சிகள் பெரும்பாலும் அந்த வகை. களிகூர்தல் கொடுத்தவரிடத்திலேயே தங்குவது. அதனால்தான் பவுலால் சிறையிலிருந்துகொண்டு “கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்” என்று எழுத முடிந்தது. எழுதியது பிலிப்பி சபைக்கு. அதே பிலிப்பியில்தான் முன்பு அவரும் சீலாவும் கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு நடுராத்திரியில் பாடினார்கள், மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சேலம்காரர் பேச்சில் சொன்னால், களி தின்னும் இடத்தில் களிகூர்ந்தார்கள்.

இதைத் தெரிந்துகொண்டால், மேடையிலிருந்து ஒலிபெருக்கியில் “எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறீர்களா? சத்தம் போதாது!” என்று மூன்று முறை கேட்கும் பழக்கம் எவ்வளவு அபத்தம் என்பது புரியும். முன்தினம் அடக்கம் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வார்? கூர்தலுக்கு முன் களி வேண்டும். அதைச் சத்தத்தால் ஊற்றிவிட முடியாது. எருசலேமில் நியாயப்பிரமாணம் வாசிக்கப்பட்டபோது அழுத மக்களிடம் “கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்கள் பெலன்” என்று நெகேமியா சொன்னார். அழுதவர்களிடம் முதலில் சத்தமாகக் கத்தச் சொல்லவில்லை. கொழுமையானதைச் சாப்பிட்டு, மதுரமானதைக் குடித்து, ஒன்றும் இல்லாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்றார்.

எழுதும் முறை பற்றி இரண்டு வரி. களிகூர்தல், களிகூருதல் இரண்டும் சரி. களிகூர்ந்தான், களிகூர்கிறான், களிகூருவான் என்று வரும். நடுவில் ‘க்’ மிகாது. களிக்கூர்ந்தான் என்று எழுத வேண்டாம். நற்செய்திக் கூட்டச் சுவரொட்டிகளில் அடிக்கடி காணும் பிழை வல்லின றகரம்: “கர்த்தருக்குள் களிகூறுங்கள்.” கூறு என்றால் சொல், அல்லது துண்டு போடு. காய்கறிச் சந்தையில் கூறு போட்டு விற்பார்களே, அந்தக் கூறு. இங்கே வேண்டியது இடையின ரகரம்.