கட்டிலுக்குக் கீழே இருந்த பை

இறுதி வருட மாணவர்கள் ஆய்வேடு ஒப்படைக்கும் காலம் நெருங்க நெருங்க, உளவளத்துணை அறைக்கு வரும் பிள்ளைகளின் தொகை கூடும். ‘நித்திரை வருகுதில்லை மிஸ்’, ‘ஒரே தலையிடி’ என்றுதான் தொடங்குவார்கள். ஆய்வேடு என்ற சொல் வாயில் வரக் கால்மணி நேரமாவது ஆகும்.

அப்படி வந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கரையோரக் கிராமமொன்றில் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் நுண்கடனில் சிக்கியிருப்பது பற்றியது அவளுடைய ஆய்வு. தலைப்பு அங்கீகரிக்கப்பட்ட அன்று அம்மாவுக்குப் போன் எடுத்துச் சந்தோசத்தில் அழுதிருக்கிறாள். 60 வீடு ஏறி இறங்கினாள். அதன்பிறகு அந்த 60 வினாக்கொத்துகளும் ஒரு சொப்பிங் பையில், விடுதிக் கட்டிலுக்குக் கீழே ஏழு கிழமை கிடந்தன.

“பையைக் கண்டாலே நெஞ்சு படபடக்குது. இருந்து எழுதுவம் எண்டு நினைச்சால் அறையைக் கூட்டத் தொடங்கிடுவன். வீட்டில சோம்பல் எண்டு சொல்லுகினம்.”

சோம்பல் உள்ளவள் வெயிலில் 60 வீடு ஏறமாட்டாள். பேசப் பேசத்தான் விசயம் வந்தது. ஒரு வீட்டில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த அம்மா, “எங்கட கதையை வடிவா எழுது பிள்ளை” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தான் எழுதினால் அந்தக் கதை பிழைத்துப்போகும் என்ற பயம் இவளுக்கு.

வேலையைத் தள்ளிப்போடுவது நேர முகாமைத்துவத்தை விட உணர்ச்சியோடுதான் கூடத் தொடர்புடையது என்று சிராய்ஸ், பிச்சில் என்ற இரு உளவியலாளர்கள் 2013இல் எழுதினார்கள். பயம் தரும் வேலையை விட்டு விலகினால் அந்த நேரத்துக்கு மனம் ஆறும். அந்த ஆறுதலே அடுத்த நாளும் விலகச் சொல்லும். அறை துப்புரவாகும், பை அப்படியே கிடக்கும்.

எங்கள் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு பாரமும் உண்டு. முதலாம் ஆண்டிலிருந்து உயர்தரம் வரை 13 வருடம் கடந்தகால வினாத்தாளும் புள்ளித்திட்டமும் பார்த்துப் படித்தவர்கள். எல்லாக் கேள்விக்கும் எங்கோ ஒரு சரியான விடை இருந்தது. ஆய்வேட்டுக்குப் புள்ளித்திட்டத்தைப் பார்த்து விடை எழுத ஏலாது. கேள்வியே அவர்களுடையது. அதனால் சிவப்பு மையில் ஒரு திருத்தம் வந்தால் அது தாளுக்கு வந்த திருத்தமாகத் தெரிவதில்லை, தங்களுக்கே விழுந்த அடியாகத் தெரிகிறது. ‘நான் தெரியாத்தனமாய் இஞ்ச வந்திட்டன், ஒருநாள் எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும்’ என்ற எண்ணத்தை கிளான்ஸ், ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978இலேயே விவரித்திருக்கிறார்கள். குடும்பத்தில் முதலாவதாகக் கம்பஸ் வந்த பிள்ளைகள் பலரிடம் இதே வசனத்தைக் கேட்டிருக்கிறேன்.

அடுத்தமுறை அவளைப் பையோடு வரச் சொன்னேன். அன்று செய்தது ஒன்றுதான்: ஒவ்வொரு வினாக்கொத்தின் மூலையிலும் 1 முதல் 60 வரை இலக்கமிட்டாள். பத்து நிமிடம்கூடப் போகவில்லை. மறுநாள் ஐந்தைக் கணினியில் பதிந்தாள். கடினமாக இருந்தது மேற்பார்வையாளருக்கு அனுப்பிய செய்திதான். அவரைக் கண்டால் மற்றப் படியால் இறங்கிப் போய்க்கொண்டிருந்தவள் அல்லவா? சேர்ந்தே எழுதினோம்: “சேர், தரவு சேர்த்து ஏழு கிழமை. பகுப்பாய்வைத் தொடங்கப் பயமாக இருந்தது. இன்று ஐந்து பதிந்திருக்கிறேன். வியாழன் வந்து காட்டலாமா?”

“வாங்கோ. பத்து மணிக்கு.” இருபது நிமிடத்தில் பதில் வந்துவிட்டது.

மேற்பார்வை செய்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு மாதம் சத்தமில்லாமல் இருக்கும் பிள்ளை பெரும்பாலும் ஒளிந்துகொண்டிருக்கிறது. நீங்களே ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பெற்றோர் தினமும் ‘முடிஞ்சுதோ?’ என்று கேட்பதையும் கொஞ்சம் குறைக்கலாம்.

ஒப்படைத்த பிறகு வரும் வெறுமையைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கட்டிய பிரதியைக் கொடுத்துவிட்டு வந்து, காரணமில்லாமல் அழுகிறார்கள். சில நாட்களில் பெரும்பாலும் அது தணிந்துவிடும். ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் குழம்பி, எதிலும் விருப்பமில்லாமல் இருந்தால் அதை ஆய்வேட்டின் கணக்கில் எழுதாதீர்கள். வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். ‘இருந்து என்ன’ என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் இரண்டு கிழமை காத்திருக்க வேண்டாம். இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு இரண்டு மணிக்கும் எடுக்கலாம்.